பத்துக் கணினிகளும் ஒரு விதை எண்ணும்

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நிரோஷினி குசினி மேசையில் இருந்து, கோவிலில் தந்த அறிவித்தல் தாளின் பின்பக்கத்தில் பத்து எண்களை எழுதினாள். ஒவ்வொன்றும் ஐந்து இலக்கம். தாளை நான்காக மடித்து, பென்டிரைவோடு சேர்த்து என் சேட்டுப் பைக்குள் வைத்தாள். காலையிலிருந்து அவளுக்குத் தலையிடி. கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது என்றாள். அதனால் ஸாஜித்தின் கணினி வகுப்புக்கு அன்றைக்கு நான் தனியாகப் போக வேண்டியிருந்தது.

"ஒரு மெஷினுக்கு ஒரு நம்பர். மறக்காம மாத்துங்கோ. வரேக்க ஒரு றாத்தல் பாணும் வாங்கியாங்கோ."

சரி என்றேன். படலையைச் சாத்தும்போது அவள் தேத்தண்ணீர்க் கோப்பைகளைக் கழுவும் சத்தம் கேட்டது.

அடுத்த நாள் காய்ச்சல் நூற்று மூன்று. ஒன்பதாம் நாள் அவள் இல்லை. டெங்கு என்று எழுதித் தந்தார்கள். அந்த மாரியில் பாலையூற்றில் எங்கள் ஒழுங்கையில் நான்கு பேருக்கு வந்தது. மூன்று பேர் வீடு திரும்பினார்கள்.

நிரோஷினி பெண்கள் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பித்தவள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. முப்பத்தெட்டு வயதில், வேலையை விடாமல், பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டத்துக்குப் பதிந்தாள். எடுத்துக்கொண்ட விஷயம் துகள் மோதல். வெளிநாட்டில் நிலத்துக்கு அடியில் பெரிய வளையம் கட்டி, அதற்குள் புரோத்தன்களை எதிரெதிரே ஓடவிட்டு மோதச் செய்து, சிதறுவதை அளக்கிறார்கள். அதே மோதலைக் கணினிக்குள் கணக்காலேயே நடத்திக் காட்டும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. 'நிகழ்வு உருவாக்கி' என்று கொப்பியில் எழுதியிருந்தாள். வாயால் சொல்லும்போது ஜெனரேற்றர்தான்.

அவள் அதைப் பழகத் தொடங்கியது இரண்டாயிரத்து இருபத்திரண்டில். நாளுக்குப் பல மணித்தியாலம் மின்சாரம் இல்லாத காலம். பக்கத்து வீட்டு இராசமலர் அக்கா மதிலுக்கு மேலால் எட்டிக் கேட்டார்:

"ஜெனரேற்றர் ஜெனரேற்றர் எண்டு கதைக்கிறீர். கரண்ட் போனா உம்மடையும் நிண்டுபோகுதே?"

"இது மண்ணெண்ணெயில ஓடாது அக்கா. மண்டையில ஓடுறது."

"அப்ப உம்மட மனுசனுக்கும் ஒண்டு பூட்டிவிடும்."

அந்த மென்பொருளைக் கணினியில் ஏற்றவே மூன்று கிழமை எடுத்தது. திரையில் பிழைகள் சிவப்பாக வரும். நிரோஷினி ஒவ்வொரு பிழையையும் நீலப் பேனையால் கொப்பியில் எழுதி, அதற்குக் கண்டுபிடித்த வழியைக் கீழே பச்சைப் பேனையால் எழுதுவாள். கரண்ட் போனதும் மடிக்கணினியை மூடிவிட்டு, கொப்பியை யன்னலோரம் கொண்டுபோய் வாசித்துக்கொண்டிருப்பாள். பாடசாலையில் அவளுடைய பிள்ளைகள் பிழை விட்டாலும் இப்படித்தான் எழுதிக் காட்டுவாளாம்.

ஒருநாள் காலை, நான் வேலைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள். திரையில் நீளமான பட்டியல் ஒன்று. முதல் இரண்டு வரிகளில் இரண்டு புரோத்தன்கள். அதற்குக் கீழே அவை உடைந்ததில் வந்தவை, அவற்றிலிருந்து வந்தவை, பிறகு அவற்றிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றுக்கும் எது தாய், எது பிள்ளை என்று எண் போட்டிருந்தது. கடைசியில் உடையாமல் மிஞ்சியவை.

"முந்நூற்றுப் பதினெட்டு," என்றாள். "பென்சிலால தொட்டுத் தொட்டு எண்ணிப் பாத்தனான்."

நாளைக்கும் இதே வருமா என்று கேட்டேன். அப்போதுதான் விதை எண்ணைப் பற்றிச் சொன்னாள். மோதலில் என்ன வரும் என்பது தற்செயல். கணினிக்குத் தற்செயலாக எதையும் செய்யத் தெரியாது. ஆகவே ஓர் எண்ணை அதற்கு விதையாகக் கொடுக்க வேண்டும். அதிலிருந்து அது தற்செயல் போலத் தோன்றும் எண்களை வரிசையாக முளைக்க வைத்து, அவற்றைக்கொண்டு மோதலை நடத்தும். விதையை மாற்றினால் வேறு மோதல்கள். அதே விதையென்றால் அதே மோதல்கள், அதே முந்நூற்றுப் பதினெட்டு. பழகுவதற்கு அவள் வைத்திருந்த விதை எண் 41907. எதையாவது மாற்றி எழுதிவிட்டுப் பயம் வந்தால், முதல் நாள் எழுதிய அந்தச் சின்ன நிரலை 41907 போட்டு ஓடவிடுவாள். முந்நூற்றுப் பதினெட்டு வந்தால் ஒன்றும் பழுதாகவில்லை என்று நிம்மதியாகப் படுப்பாள்.

எனக்கு அந்த எண்ணைப் பிடித்துவிட்டது. நான் துறைமுகத்தில் வானொலி அறையில் வேலை செய்கிறேன். கப்பல் ஒன்று குடாவுக்குள் வருகிறதென்றால் அந்த வருகைக்கு ஓர் எண் கொடுப்போம். வழிகாட்டும் படகு போவது, இழுவைப் படகு போவது, கோதுமை இறக்குவது எல்லாம் அந்த எண்ணின் கீழ்தான் பதியப்படும். ஒரு தாளில் வேறு எண் இருந்தால் அது வேறு கப்பலின் தாள். ஒரு கப்பலுக்கு ஓர் எண். பதினேழு வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

ஸாஜித்தின் வகுப்பு உட்துறைமுக வீதியில், மேல்மாடியில். பத்துக் கணினிகள். ஞாயிறுகளில் வகுப்பு முடிந்ததும் எங்களுக்கு விட்டுத் தருவான். அவள் எண்கள் எழுதித் தந்த அந்த ஞாயிறு நான் போகும்போது நான்கு மணி ஆகிவிட்டது. ஆறு மணிக்குக் கரண்ட் வெட்டு இருக்கிறது அண்ணன், அதற்குள் முடியுமா என்று கேட்டான். ஒவ்வொரு கணினியிலும் பத்து இலட்சம் மோதல்கள் ஓட வேண்டும். பத்திலுமாக ஒரு கோடி. ஒன்றரை மணித்தியால வேலை.

முதல் கணினியில் தாளிலிருந்த முதல் எண்ணைப் போட்டேன். அது 41907தான். இரண்டாவதற்கு வந்தபோது தாளைத் திரும்ப விரித்துப் பார்த்தேன். ஒரு வேலைக்குப் பத்து எண்கள். பிறகு இவையெல்லாம் ஒரே ஆளின் ஒரே வேலை என்று யார் சொல்வார்கள்? எங்காவது ஒன்று தவறிப்போனால்? 41907 அவள் பலமுறை ஓடவிட்டுப் பார்த்த எண். அதில் பிழை வராது. அந்த நேரம் நான் அவளைவிடக் கெட்டிக்காரன் என்று நினைத்தேன். பத்துக் கணினிகளிலும் 41907ஐப் போட்டேன். அவசரத்தில் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். பத்திலும் ஒரே எண்தான் இருக்கிறதா என்று இரண்டு முறை சுற்றிவந்து பார்த்த பிறகுதான் ஓடவிட்டேன்.

பாணோடு வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "நம்பர் மாத்தினீங்களோ?"

ஓம் என்றேன். தலையிடியோடு இருப்பவளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க விருப்பமில்லை.

மறுநாள் காய்ச்சலோடு, போர்த்துக்கொண்டு, பத்துக் கோப்புகளையும் நிரல் ஒன்றால் ஒரேயடியாகக் கூட்டினாள். அவளுடைய ஆய்வுக் கேள்வி இதுதான்: மென்பொருளின் ஓர் அமைப்பை மாற்றினால், துகள்கள் மிக நெருக்கமாகச் சிதறும் மோதல்களில் ஒருவகைத் துகள் கூடுமா? அவளோடு பதிந்த தர்சிகா, சாம்பல்தீவுப் பிள்ளை, பழைய அமைப்பில் ஒரு கோடி மோதல்கள் ஏற்கெனவே ஓட்டியிருந்தாள். மிக நெருக்கமான அந்தக் கடைசிப் பகுதியில் அவளுக்குக் கிடைத்தது இருபத்தைந்து. மாற்றிய அமைப்பில் நிரோஷினிக்கு எழுபது.

என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். கோடு கீழே இறங்கிக்கொண்டே போய், கடைசியில் ஒரு மேடு. இது உண்மையென்றால் பெரிய விஷயம் என்றாள். அவள் முகம் காய்ச்சலில் சிவந்திருந்ததா சந்தோஷத்தில் சிவந்திருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. வரைபடத்தை மட்டும் தர்சிகாவுக்கும் பேராசிரியருக்கும் அனுப்பிவிட்டுப் படுத்தாள்.

ஐந்தாம் நாள், ஆஸ்பத்திரி வாட்டில் சேலைன் ஏறிக்கொண்டிருக்கும்போது கண்ணைத் திறந்தாள்.

"இஞ்சேருங்கோ. அந்த நம்பருகள்… பத்தும் வேற வேறதானே?"

"ஓம் நிரோ. நீர் பேசாமப் படும்."

கண்ணை மூடிக்கொண்டாள். காய்ச்சல் கதை என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவள் எடுக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும். அவளுடைய கண்டுபிடிப்பை அதில் போடுவோம் என்றும், மார்ச்சில் பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அவளுடைய பெயரை முதலாவதாகப் போட்டுத் தான் வாசிப்பதாகவும் தர்சிகா சொல்லியிருந்தாள். கொப்பியிலிருந்த அட்டவணையை நானே தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். கடைசி ஐந்து வரிகள் 1340, 620, 210, 30, 70. ஒவ்வொரு எண்ணின் முடிவிலும் என் விரல் ஒரே எழுத்துக்குப் போனது. நிறுத்திவிட்டு முழுவதையும் பார்த்தேன். முப்பது வரிகள். எல்லாம் சைபரில் முடிந்தன.

வானொலி அறையில் ஒருவன் தருகிற எல்லா எண்களும் சைபரில் முடிந்தால், அவன் அளக்கவில்லை என்று எங்களுக்குத் தெரியும். நிரோஷினி அப்படிப்பட்டவள் இல்லை. பத்துக் கோப்புகளையும் திறந்து பார்த்தேன். பத்தும் கடைசி இலக்கம் வரை ஒரே அளவு.

கொப்பியின் பச்சை எழுத்தைப் பிடித்துக்கொண்டு மென்பொருளை நானே ஓட்டப் பழகினேன். ஒன்பது நாள் எடுத்தது. அவளுக்கு வந்த சிவப்புப் பிழைகள் எனக்கும் வந்தன. கடைசியில் அவளுடைய சின்ன நிரல் ஓடியது. 41907 போட்டால் 318. வேறு எண் போட்டேன், 204. இன்னொன்று, 391. விதையை மாற்று என்றால் என்ன என்று அப்போதுதான் விளங்கியது. அவள் கேட்டது ஒரு கோடி வேறு வேறு மோதல்கள். நான் கொடுத்தது பத்து இலட்சமும் அதன் ஒன்பது பிரதிகளும். அந்தக் கடைசிப் பகுதியில் உண்மையில் ஏழுதான் இருந்தது. ஏழு என்றால் தற்செயல் என்று அவளே விட்டிருப்பாள். எழுபது தற்செயலாக வராது. ஏழை எழுபது ஆக்கியவன் நான்.

நான்கு நாள் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் அவள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டுச் செத்தவளாக இருப்பாள், அவளுடைய பெயரும் இருக்கும். சொன்னால் அதுவும் போய்விடும். ஆனால் அவள் கேட்டாள். இரண்டு தரம் கேட்டாள். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளாமல் ஒரு வரி எழுதாதவள், என் வாயை நம்பித்தான் விட்டாள்.

தர்சிகா நினைவு மலருக்குப் படம் கொண்டுவந்த அன்று சொன்னேன்.

"தர்சிகா, அந்த நம்பருகள நான் மாத்தேல்ல."

"எத்தினைய மாத்தேல்ல?"

"ஒண்டையும்."

அட்டவணையை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தாள். தான் வரைபடத்தை மட்டும்தான் பார்த்ததாக, தாளைப் பார்த்தபடியே சொன்னாள். பிறகு நிமிர்ந்து, "அக்கா உங்களிட்டக் கேக்கேல்லையோ அண்ணா?" என்றாள்.

"கேட்டவ. ஆஸ்பத்திரியிலயும் கேட்டவ."

அவள் எழுந்து கிணற்றடிக்குப் போனாள். முகம் கழுவிவிட்டு வர வெகுநேரம் எடுத்தது. திரும்பி வந்து கதிரையில் உட்காராமல் நின்றாள்.

"அக்கா நம்பர் எழுதித் தந்த துண்டு இருக்கோ?"

அந்தச் சேட்டை நான் தோய்க்கவில்லை. தாள் பைக்குள்ளேயே இருந்தது.

தான் ஓட்டுகிறேன் என்றாள். நான் விடவில்லை. வந்த ஞாயிறு ஸாஜித்தின் மேல்மாடியில் ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து, பத்து எண்களையும் போட்டு, போட்ட ஒவ்வொன்றுக்கும் தாளில் பச்சைப் பேனையால் சரி போட்டேன். ஸாஜித் பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தான். "இப்ப கரண்ட் வெட்டு இல்ல அண்ணன். ஆறுதலாச் செய்ங்க," என்றான். யன்னலால் பார்த்தால் குடாவுக்கு அங்காலே மா ஆலை இறங்குதுறையில் கப்பல் ஒன்று நின்றது. அதன் எண் எனக்குத் தெரியும்.

பத்துக் கோப்புகள், பத்து அளவுகள். கடைசிப் பகுதியில் இருபத்தேழு.

"இருவத்தஞ்சும் இருவத்தேழும் ஒண்டுதான் அண்ணா," என்றாள் தர்சிகா. மேடு இல்லை. அந்த அமைப்பை மாற்றினால் ஒன்றும் கூடவில்லை. அதையும் சொல்லலாம், அதுவும் ஒரு முடிவுதான் என்று பேராசிரியர் எழுதினார். அக்கா இருந்தால் அவளும் இதைத்தான் போடுவாள் என்றாள் தர்சிகா. எனக்கும் அப்படித்தான் பட்டது. அதில் ஆறுதல் ஒன்றும் இருக்கவில்லை.

நினைவு மலரில் புதிய அட்டவணையைப் போட்டேன். அதற்குக் கீழே ஒரு வரி: 'இதற்கு முன் சிலருக்கு அனுப்பப்பட்ட வரைபடம் பிழையானது. விதை எண்களை மாற்றாமல் விட்டது நான், நிரோஷினி அல்ல. – றிக்சன்.' அச்சகத்தில் அப்படி ஒரு வரி வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டும் என்றேன்.

பூசை முடிந்து கோவில் வாசலில் இராசமலர் அக்கா அதை இரண்டு தரம் வாசித்தார்.

"இதென்ன தம்பி, நினைவு மலரில பிழை திருத்தம்?"

நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். அவருக்கு எவ்வளவு விளங்கியதென்று தெரியாது.

"அவவுக்குத் தெரியுமோ?"

"இல்லை அக்கா."

மலரை மூடிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, என் கையை ஒருதரம் பிடித்துவிட்டுப் போனார்.

மார்ச்சில் தர்சிகா அதை வாசித்தாள். கேள்வி ஒன்றும் வரவில்லையாம்.

நான் மடிக்கணினியில் எதையும் மாற்றவில்லை. வேலைக்குப் போகுமுன், சப்பாத்துப் போட்ட பிறகு, அவள் முதல் நாள் எழுதிய சின்ன நிரலை ஓடவிடுவேன். விதை எண் 41907. இரண்டு புரோத்தன்கள், பிறகு அந்த நீளப் பட்டியல். இன்று காலையும் முந்நூற்றுப் பதினெட்டு.