புளியமரமாக நின்ற கிணறு

சடையப்பன் விட்ட அறையில் லோகநாதனின் மூக்குக்கண்ணாடி பறந்து சாவடிச் சுவரில் மோதி நொறுங்கியது. எஸ்.ஐ. பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார், மகராசன்.

“ஏரிய அளக்க வந்தா ஏரிய அளந்துக்கினு போ! என் நெலத்துல இன்னாடா வேல உனுக்கு?”

லோகநாதன் ஏரி மராமத்துக்காக வந்த சர்வே ஆள். தை மாதம் விமானத்திலிருந்து எடுத்த படங்களோடு திருப்புலிவனம் பக்கம் முகாம் போட்டிருந்தான். முகாமுக்குச் சமையல் சிட்டம்மாள். அவள் புருஷன் பச்சமுத்து மாசியில் ஏரித் தண்ணீருக்காகச் சடையப்பனோடு மல்லுக்குப் போனவன், வீடு திரும்பவில்லை. அதே வாரம் சடையப்பன் தன் வயல் கிணற்றைத் தூர்த்துக் கேழ்வரகு விதைத்தான். ஊருக்கே தெரியும். எஸ்.ஐ. விசாரித்தபோது, “கிணறா? எந்தக் கிணறு?” என்றான் வண்டிக்காரக் கன்னியப்பன். அத்தனை பேரும் தலையாட்டினார்கள். வாயைத் திறந்தவன் வீடு எரியும் என்ற பயம். தூ!

இன்று லோகநாதன் சாவடிக்குக் கொண்டுவந்த படத்தில் அந்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டம் இருந்தது.

“புளியமரம் சார் அது. வெட்டிட்டேன்,” என்றான் சடையப்பன்.

லோகநாதன் உதட்டு ரத்தத்தைத் துடைத்தான். “ஒத்தப் படத்துல மரமும் கிணறும் ஒரே மாதிரிதான் சார் தெரியும். பிளேன் கொஞ்சம் நகர்ந்ததும் அதே எடத்த இன்னொரு படம் எடுத்திருக்கோம். ரெண்டையும் பக்கத்துல வச்சு இந்த லென்ஸ்ல பாத்தா மேடு எழும்பும், பள்ளம் இறங்கும்.”

“கிணறுன்னா தோண்டச் சொல்றேன். மரம்னா இத்தோட கேச மூடிடுவேன்,” என்றார் எஸ்.ஐ.

லோகநாதன் கண்ணாடி இல்லாமல் தடவித் தடவி, இரும்புக் கால்களில் நின்ற லென்ஸுக்கு அடியில் இரண்டு படங்களையும் வைத்தான். எஸ்.ஐ. குனிந்தார். “மரந்தான்யா. உசரமா நிக்குது.”

சடையப்பன் ஓரமாக நின்ற சிட்டம்மாளின் கொண்டையைப் பிடித்து லென்ஸில் முகத்தை மோதினான். “பாருடி! உம் புருசன் மரத்து மேல குந்திக்கினு கீறானா பாரு!”

நெற்றி பிளந்து ரத்தம் புருவத்தில் இறங்கியது. உள்ளே மரம்தான் நின்றது. ஐயோ, முடிந்தது. அப்போதுதான் ஓரத்தில் தன் குடிசையைப் பார்த்தாள். போன வாரம் லோகநாதன் விளையாட்டாகக் காட்டியபோது மூக்கில் இடிப்பதுபோல் எழும்பிய கூரை, இன்று குழிக்குள் கிடந்தது. படங்களை இடம் மாற்றினால் மேடு பள்ளமாகும் என்றும் அன்று சிரித்துக்கொண்டே காட்டியிருந்தான்.

“சார், என் வூடு பள்ளத்துல கீது! ஏரிக்கரை வாய்க்காலா கீது! படம் ரெண்டும் எடம் மாறிப்போச்சி சார்!”

அவளே இடது படத்தை வலப்பக்கம் வைத்தாள், வலதை இடப்பக்கம். கரை எழும்பியது, குடிசை எழும்பியது. மரம் மட்டும் கீழே, கீழே இறங்கிக் கிணறாக வாய் பிளந்தது.

எஸ்.ஐ. மறுபடி குனிந்து பார்த்து நிமிர்வதற்குள் சடையப்பன் இடுப்புக் கத்தியை உருவிப் படங்களின்மேல் பாய்ந்தான். சிட்டம்மாள் லென்ஸைத் தூக்கி அதன் இரும்புக் காலை அவன் புறங்கையில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அப்புறம்தான் சுற்றி நின்று வேடிக்கை பார்த்த ஊருக்கு வீரம் வந்தது. விழுந்தவனை மிதி மிதியென்று மிதித்தார்கள்.

மறுநாள் இருபதடி ஆழத்தில் பச்சமுத்து கிடைத்தான், கழுத்தில் கல்லோடு. கன்னியப்பன் மார்பில் அடித்துக்கொண்டு அழுதான்.

“எனுக்குத் தெரியும் சிட்டம்மா! என் வண்டியிலதான் மண்ணு அடிச்சாங்க!”

அவள் எழுந்து வந்து அவன் வாயிலேயே ஓங்கி ஒன்று போட்டாள்.

“அன்னிக்கி எங்கடா போச்சி இந்த வாயி?”