டிரைவர் சீட்டில் கறுப்பு மை

"பாதியில எழுந்து போனீங்கன்னா, இனிமே எதுக்கும் கூப்பிட மாட்டேம்ப்பா." மகள் மிசுஹோ வாசலில் வைத்தே சொல்லிவிட்டாள். பள்ளிக்கூட விழா, பட்டமளிப்பு, எல்லாவற்றிலும் பாதியில் கிளம்பிய ஆள் நான். நாகசாகி மேட்டுச் சாலைகளில் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவனுக்குச் சும்மா உட்கார் என்றால் உடம்பெல்லாம் அரிக்கும்.

காப்பிக்கடை மாடியில் இருபது நாற்காலி. பரிசோதனைக் குறும்படங்களாம்! முதல் படத்தில் ஆறு நிமிஷம் ஒரு குழாய் சொட்டியது. "யாராவது அதை மூடித் தொலைங்களேன்" என்று முனகினேன்.

"கால ஆட்டாம இருங்க, என் நாற்காலியும் சேந்து ஆடுது" என்று மனைவி யசுயோ என் தொடையில் கிள்ளினாள்.

அடுத்தது மிசுஹோவின் படம். சத்தமே கிடையாது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம் என் பஸ்ஸில், பின் சீட்டிலிருந்து எடுத்தது. அட, நம்ம வண்டி! அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம் நிற்கவில்லை. டிரைவர் சீட் இருக்கும் இடத்தை மட்டும் கறுப்பாகப் பூசி வைத்திருந்தாள். பெற்ற அப்பனை மை பூசி அழித்திருக்கிறாள்.

பஸ் கோயில் வளைவை நெருங்கியது. எதிரே வருகிற வண்டி தெரியாத வளைவு அது. என் வலது கால் தானாகத் தரையை மிதித்தது, விரல் நீண்டது. "இடது பக்கம் சரி! வலது பக்கம் சரி!" முழுக் குரலில் கத்திவிட்டேன். விரல் நீட்டி, வாய்விட்டுச் சொல்லாமல் எங்கள் கம்பெனியில் எவனும் வளைவில் திருப்ப மாட்டான். இருட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

விளக்கு எரிந்தது. கேள்விகளுக்குப் பதில் சொல்ல மிசுஹோ முன்னால் வந்தாள். காது சிவந்திருந்தது. ஒரு தாடிக்காரர் கேட்டார்: "டிரைவரை ஏன் மறைச்சீங்க?"

"எத்தனை தடவ எடுத்தாலும் அவர் முதுகுதான் கிடைச்சுது. முதுகு மட்டுமே காட்டின ஒருத்தர வேற எப்படிக் காட்டறது?"

எழுந்துவிட்டேன். யசுயோ சட்டையைப் பிடித்து இழுத்தாள். கதவு நாலடிதான். போயிருப்பேன், ஆனால் மகள் சொன்னதை அப்படியே விட்டுவிட்டுப் போக மனசு கேட்கவில்லை.

"அந்த டிரைவருக்குத் தலைக்கு மேல ஒரு கண்ணாடி உண்டு" என்றேன். "இடது பக்கம் மூணாவது வரிசையில ஒரு பள்ளிக்கூடப் பொண்ணு தினம் பைமேல சாஞ்சு தூங்கும். அது முழிச்சுக்கக் கூடாதுன்னு மூணு வருஷம் பிரேக்க மெதுவா மிதிச்சேன். உன்னையேதாம்மா பாத்துக்கிட்டிருந்தேன்."

மிசுஹோ கூட்டத்தையே மறந்துவிட்டாள். "ஒரு நாளாவது அதச் சொல்லியிருக்கலாமேப்பா?"

"ஓட்டும்போது பயணிங்ககூடப் பேசக் கூடாது. விதி."

"வீட்ல?"

கதவுப் பக்கம் திரும்பாமல் என் நாற்காலியிலேயே மறுபடி உட்கார்ந்தேன். அடுத்த கேள்விக்குக் கை தூக்கியிருந்தவர்கூட மெதுவாகக் கையை இறக்கிக்கொண்டார்.