சம்பளச் சீட்டு இல்லாத குடித்தனம்

சோலைராஜின் விசிட்டிங் கார்டில் ‘நிர்வாக இயக்குநர்’ என்று போட்டிருந்தது. அவன் இயக்க வேண்டிய நிர்வாகம் ஓர் ஏணி, ஒரு டிரில்லிங் மெஷின், இரண்டையும் கட்டிக்கொண்டு போக ஒரு பழைய பைக். இராஜபாளையத்தில் புதுவீடு கட்டியவர்கள் வரவேற்பறையில் விருந்தாளியை உட்காரவைத்து, “மேல பாருங்க” என்று பெருமையாகக் காட்டும் ஃபால்ஸ் சீலிங் பெரும்பாலும் அவன் மாட்டியதுதான். ஜிப்சம் பலகையில் மேகம் மேகமாக வெட்டி, நடுவில் நீல விளக்கை ஒளித்துவைப்பான்.

அவனுக்கு இப்போது குடியிருக்க ஒரு வீடு வேண்டும். இருக்கிற வீட்டுக்காரரின் மகனுக்குத் தையில் கல்யாணம், வீட்டைக் கேட்டுவிட்டார்கள். கார்த்திகைக்குள் வேறிடம் பார்த்துப் பால் காய்ச்சியாக வேண்டும். மார்கழி பிறந்துவிட்டால் யாரும் குடி மாற மாட்டார்கள், யாரும் சாவியும் தரமாட்டார்கள். தேடாத தெரு பாக்கியில்லை. போன வீட்டிலெல்லாம் முதல் கேள்வி ஒன்றுதான்.

“மாசம் பொறந்தா சம்பளம் வருமா தம்பி?”

“வேலைக்குத் தக்கன வரும்ண்ணே. காண்ட்ராக்ட்டு.”

அந்தச் சொல்லைக் கேட்டதும், அதுவரை காலியாகக் கிடந்த வீட்டுக்கு எங்கிருந்தோ ஒரு மகளோ மச்சினனோ குடிவரத் தயாராகிவிடுவார்கள். தளவாய்புரத்தில் ஒருவர், மூன்று தலைமுறையாக எந்த வேலைக்கும் போகாத குடும்பம், “நிரந்தர உத்தியோகம் இல்லாதவங்களுக்கு நம்ம வீடு ஒத்துவராதுப்பா” என்று வருத்தத்தோடு சொல்லி அனுப்பினார்.

கார்த்திகையின் கடைசி முகூர்த்த நாள் காலையில், மனைவி நாகஜோதியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அவன் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தான். கேப்டன் தங்கப்பாண்டியனின் மாடி காலியாக இருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் பதித்த கருங்கல்லில் அவருடைய பெயரைவிடப் பட்டங்கள் நீளம். போனிலேயே சொல்லியிருந்தார்: “பெர்மனென்ட் ஆளுகளுக்கு மட்டுந்தான். இருந்தாலும் வாங்க, இன்டர்வியூ வச்சிப் பாப்போம்.”

வந்தபோது கேப்டன் இல்லை. ஓய்வூதியத்துக்காகத் தாம் உயிரோடு இருப்பதை வங்கியில் நிரூபிக்கப் போயிருந்தார். முதல்தடவை போனபோது மெஷின் அவருடைய விரல்ரேகையை ஏற்றுக்கொள்ளவில்லையாம். அவர் மனைவி இருளம்மாள்தான் சாவியைக் கொடுத்தாள்.

“அவிய வர செத்த நேரமாவும். மேல போயி பாத்துட்டு இருங்க. தொறந்து போட்டுருங்க, காத்து வரட்டும்.”

மாடியில் மேற்குப் பார்த்து ஒரு பெரிய சன்னல். அதற்குள் மலை முழுசாக நின்றது. சோலைராஜ் எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரைப் பார்க்க மாட்டான். தொழில் பழக்கம், நேராகத் தரையில் மல்லாந்துவிடுவான். இங்கேயும் மல்லாந்தான். தரை குளிர்ந்து கிடந்தது. பின்பக்கத்துப் பால்கோவா அடுப்பிலிருந்து, சர்க்கரையும் பாலும் சுண்டுகிற வாசனை காற்றில் ஏறி வந்தது. ஒரு மாதமாகச் சரியாக மூடாத கண் தானாக மூடிக்கொண்டது.

மலை மெல்லச் சன்னலைத் தாண்டி உள்ளே வந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தது. கூரையைக் காணவில்லை. அவன் மாட்டிய மேகங்கள் எல்லாம் இராஜபாளையத்து வீடுகளிலிருந்து கழன்று, ஆணியும் கம்பியும் தொங்க, ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு வீட்டுக்காரர், சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு. “இந்த மேகம் பெர்மனென்ட்டா?” என்றார் ஒருவர். “ஒரு வருசம் கேரண்டிண்ணே” என்றான் அவன். இன்னொருவர் மலையிடம் பே ஸ்லிப் கேட்டார். மலை மடியைத் தடவிப் பார்த்துவிட்டு வெட்கத்தோடு தலைகுனிந்தது. பாவமே என்று அவனுக்கு அழுகை வந்தது. அப்போது எங்கோ கீழே ஒரு பெண் குரல்:

“ஏட்டி, பால் காய்ச்சியாச்சா?”

“இல்லக்கா, இன்னும்…”

“நல்ல நேரம் போவுதுல்லா? அடுப்பு கூட எறக்கலயா? இரு, வாரேன்.”

மேகங்கள் வெள்ளையாய் நுரைத்துப் பொங்கின. யாரோ குலவையிட்டார்கள்.

கண்ணைத் திறந்தால், நிஜமாகவே பால் பொங்கிக்கொண்டிருந்தது. கூடம் பெருக்கித் துடைத்துக் கிடந்தது. மூலையில் ஒரு சின்ன கேஸ் அடுப்பு, அதன் மேல் மஞ்சள் கட்டிய பாத்திரம். நாகஜோதி முந்தானையை இடுப்பில் செருகி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குலவையிட்டு முடித்தவள், பின்பக்கத்துப் பால்கோவாக் கடை வெள்ளத்தாய்.

“ஏ, என்ன பண்ணுத? வீடு இன்னும் பேசவே இல்லயே” என்று சோலைராஜ் மனைவியின் காதில் பதறினான்.

“சும்மா இருக்கமுன்னு பெருக்குனேன். அக்கா பாத்துட்டு, காய்ச்சியாச்சான்னு கேட்டாக. இல்லன்னேன். பொய்யா சொன்னேன்?”

“முழுசாச் சொன்னியா?”

“முடிக்கிறதுக்குள்ள அவுக போயி அடுப்பும் பாலும் கொண்டாந்துட்டாக.”

படியில் கனமான காலடி. உயிரோடு இருப்பது உறுதியாகிவிட்ட கேப்டன் வாசலில் வந்து நின்றார். பின்னாலேயே இருளம்மாள்.

“இது என்ன? இன்டர்வியூவே நடக்கல. யாரு ஆர்டர் குடுத்தது?”

“ஐயா, தப்பு நடந்துபோச்சு…” என்று எழுந்தான் சோலைராஜ்.

“நீ இரு. பே ஸ்லிப் இருக்கா? சாலரி சர்ட்டிபிகேட்? அப்ப உடனே காலி பண்ணு.”

இருளம்மாள் பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். “கெழக்க வழிஞ்சிருக்கு, நல்ல சகுனம்” என்றாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். “பால் பொங்குன வீட்டுல இருந்து ஒரு குடும்பத்த எறக்கிவிட்டா அது யாருக்கு ஆவும்? அவுகளுக்கா, நமக்கா? பொறவு மார்கழி பூரா வீடு பூட்டிக் கெடக்கும்.”

“மூடநம்பிக்க. நான் சியாச்சின்ல பனிக்குள்ள நின்னவன்.”

“அங்கன நீங்க ஸ்டோர்ல கம்பளி எண்ணுனிய. பால் காய்ச்சுனியளா?”

வெள்ளத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சன்னல்பக்கம் திரும்பினாள். கேப்டன் கூரையைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். இரண்டும் அவருக்கு ஒத்தாசைக்கு வரவில்லை. தொண்டையைச் செருமினார்.

“இந்த காண்ட்ராக்ட்டுன்னு சொல்றது… வருசம் பூராவும் இருக்குமா?”

“மழை மாசம் கொஞ்சம் கம்மி ஐயா. மத்தபடி ஆளுக கட்டிட்டேதான் இருக்காக.”

“ம். ஆய்வு பண்ணிப் பாக்கலாம்” என்று, ஏற்கெனவே முடிந்துபோன ஒன்றுக்கு அனுமதி வழங்கும் தோரணையில் கேப்டன் உள்ளே ஒரு காலை எடுத்து வைத்தார்.

நாகஜோதி டம்ளரில் பால் ஊற்றிக்கொண்டே நிமிர்ந்தாள். குரலில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

“ஐயா, செத்த செருப்பக் கழட்டிட்டு வாங்க. குடியிருக்கிற வீடு.”

கேப்டன் அப்படியே நின்றார். கட்டின நாளிலிருந்து அந்த மாடியில் அவரிடம் அப்படிச் சொன்னவர் கிடையாது. சன்னலுக்கு வெளியே மலை மேல் மேகம் ஒன்று படிந்து, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் குனிந்தார்.