முதல் வண்டி

என் தம்பி என் கணவரின் தோளெலும்பை ஜாக்கிக் கம்பியால் உடைத்தது காலைப் படகு வந்து கட்டிய நேரத்தில். பட்டப்பகலில், ஊரே பார்க்க. ஒளிந்து மறைந்து எதையும் செய்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

எங்கள் தீவில் வண்டி எப்படி ஓடும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் இந்தக் கூத்து புரியாது. தீவின் கிழக்கு முனையில் படகுத்துறை. மேற்கு முனையில் மலைக்குடியிருப்பும் ஆஸ்பத்திரியும். நடுவே ஒரே ரோடு, அதில் பத்து வேன்கள். வேன் நிரம்பினால்தான் கிளம்பும், முறை வந்தால்தான் நிரப்பும். வரிசையில் முதலாவதாக நிற்கிற வண்டி நகராமல் இரண்டாவது வண்டிக்காரன் சாவியைத் தொடக் கூடாது. படகுக்கு இதைப் பற்றியெல்லாம் கவலை இல்லை. அது தன் பாட்டுக்கு வரும், தன் பாட்டுக்குப் போகும். மலையில் இருக்கிறவர் அக்கரைக்குப் போய் ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டு வர வேண்டுமென்றால் ராத்திரி அங்கேயே தங்கித்தான் வர வேண்டும்.

இந்த முறைக்குக் காவல்காரன் என் தம்பி. வேன்காரர் சங்கத் தலைவர் அவன்தான். ஆள் நல்லவன், பாசக்காரன், ஆனால் முறை என்று வந்துவிட்டால் பெற்ற தாயையும் வரிசையில் நிற்க வைப்பான்.

நான் தீவு மன்றத்தில் போக்குவரத்துத் திட்ட அலுவலர். பெயர்தான் பெரிசு. என் அறையில் ஜன்னலைத் திறந்தால் நாற்காலியை நகர்த்த முடியாது. அந்த அறையில் உட்கார்ந்து மூன்று வருஷம் வரைபடம் போட்டேன். படகும் பஸ்ஸும் ஒரே நேர அட்டவணையில் ஓடும். பஸ் வந்து ஆட்களை இறக்காமல் படகு கயிற்றை அவிழ்க்காது. இரண்டுக்கும் ஒரே டிக்கெட். பஸ் பேட்டரியில் ஓடும், துறைக்கொட்டகைக் கூரையில் போட்ட சூரியத் தகடுகளிலிருந்து சார்ஜ் ஏறும். நடுவில் இருக்கிற தோப்புக்காரர்களுக்குச் சைக்கிள் பாதை. வேன்காரர்கள் யாரையும் நான் நடுத்தெருவில் விடவில்லை. சந்துகளுக்குள்ளே போய் ஆட்களை ஏற்றிவந்து பஸ்ஸில் சேர்க்கிற வேலை அவர்களுக்குத்தான், மாதச் சம்பளத்தோடு.

"கூலிக்காரனாக்கப் பார்க்கிறியா எங்களை?" என்று கேட்டான் தம்பி.

"ஆமாண்டா, இப்ப நீ மகாராஜா" என்றேன்.

இதெல்லாம் ஊர்நலம் என்று மன்றத்தில் பேசுவேன். உண்மையில் எல்லாம் ஆத்திரம். தம்பி மனைவி நிறைமாதத்தில் அக்கரை டாக்டரைப் பார்த்துவிட்டு என்னோடு திரும்பிவந்தாள். துறையில் கால் வைத்ததும் வலி எடுத்துவிட்டது. எங்களை இறக்கிவிட்ட படகு அதற்குள் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டது. முதல் வண்டிக்காரன் சாப்பிடப் போயிருந்தான். இரண்டாவது வண்டிக்காரனிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். "முறை தப்பினா உங்க தம்பி என்னைத் தொலைச்சிடுவாருக்கா" என்று நடுங்கினான். கொட்டகை சிமென்ட் தரையில், என் மடியில், அந்தக் குழந்தை பிறந்தது. அழவே இல்லை. அக்கரையில் டயர் வாங்கப் போயிருந்த தம்பி அடுத்த படகில் வந்து, சாப்பிடப் போனவனின் விரல்களைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினான். முறையை மட்டும் தொடவில்லை. "முறை மேல என்ன தப்பு? முறையில நிக்காதவன் மேலதான் தப்பு" என்றான். அன்றைக்கே அவன் கழுத்தை நெரித்திருப்பேன், அவன் மனைவி பக்கத்தில் படுத்திருந்ததால் விட்டேன்.

மன்றத் தலைவர் கடைசியில் ஒரே ஒரு நாள் வெள்ளோட்டத்துக்குச் சம்மதித்தார். "பிரச்சினை இல்லாம ஓடினா பஸ் இங்கேயே நிக்கும். ஏதாவது ஆச்சுன்னா மறுநாளே அக்கரைக்குத் திருப்பி அனுப்பிடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது." அனுப்பிவிட்டால் என் ஆயுசில் இன்னொரு பஸ் வராது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

என் கணவர் படகு எஞ்சின் மெக்கானிக். பஸ் ஓட்ட முன்வந்த ஒரே ஆள் அவர்தான், அதுவும் வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமே என்று. தட்டுத்தடுமாறி அவரோடு சேர்ந்து நானும் ஓட்டப் பழகிக்கொண்டேன்.

துறைமேடை கடலுக்குள் நீளமாக ஓடி, கரை சேருகிற இடத்தில் வலதுபக்கம் திரும்பும். அந்தத் திருப்பத்தில் நேர் எதிரே தடுப்புச்சுவர் இல்லை, கடல்தான். பஸ் படகுக்குப் பக்கத்தில் தயாராக நின்றது. ஜனங்கள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். தம்பி தன் வேனைக் கொண்டுவந்து திருப்பத்தில் குறுக்கே நிறுத்தினான். அதற்குப் பின்னால், கரைப்பக்கம், மற்ற வண்டிகள் முறைப்படி வரிசையாக. சண்டைக்கு வந்தால்கூட வரிசை!

அவன் இறங்கி, வேன் சாவியை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டி, கடலில் எறிந்தான். "இப்ப எவன் நகர்த்துறான்னு பார்த்துடறேன்!" அவன் ஆட்கள் விசிலடித்தார்கள்.

என் கணவர் டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "மாப்ள, வண்டியில சின்னப் பிள்ளைங்க இருக்கு. வழி விடுப்பா."

"மாமா, உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. இறங்கிப் போயிடுங்க."

"இறங்க மாட்டேன் மாப்ள. உங்கக்கா கொன்னுடுவா."

வண்டியில் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் தம்பிக்கு ஏறிவிட்டது. ஜாக்கிக் கம்பியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிடம் ஓடி வந்தான். முதல் அடியில் முன்கண்ணாடி விரிசல் விட்டது. இரண்டாவது அடியில் டிரைவருக்குப் பின்பக்கத்து ஜன்னல் நொறுங்கி உள்ளே கொட்டியது. ஒரு பெண் பிள்ளையைக் குனிய வைத்து அதன்மேல் படுத்துக்கொண்டாள். நான் பின்கதவிலிருந்து ஓடி வருவதற்குள் அவன் உடைந்த ஜன்னலுக்குள் கையை விட்டு மூன்றாவது முறை வீசினான். என் கணவரின் தோளில் பட்டது. எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவர் "அம்மா" என்று கூடச் சொல்லவில்லை, ஸ்டீரிங்மேல் அப்படியே சாய்ந்தார்.

நான் காலணியைக் கழற்றித் தம்பியின் முகத்தில் அடித்தேன். "பாவி! யாரை அடிக்கிறே? நீ படிக்கணும்னு ஃபீஸ் கட்டின மனுஷனைடா!" அவன் ஒரு கையால் என் தலைமுடியைப் பிடித்து ஜன்னலை விட்டு இழுத்தான். நான் அந்த மணிக்கட்டைக் கடித்தேன். அவன் உதறிக்கொண்டு, ஜன்னலுக்குள் இருந்த மறுகையைச் சட்டென்று வெளியே இழுத்தான். ஜன்னல் சட்டத்தில் நின்ற கண்ணாடிச் சில்லு முழங்கைக்கு உள்பக்கத்தை நீளமாகக் கிழித்துவிட்டது.

ரத்தம் வடியவில்லை, பீறிட்டது. என் முகத்தில், வெள்ளைப் பஸ்ஸின் பக்கவாட்டில், எங்கும். அவன் ஒரு நிமிஷம் அதை வேடிக்கை பார்த்தான். பிறகு முட்டிபோட்டு உட்கார்ந்தான்.

துப்பட்டாவை உருவிக் கையை இறுக்கிக் கட்டினேன். கட்டினதும் நனைந்துவிட்டது. வேன்காரர்களைப் பார்த்துக் கத்தினேன். "என்னடா மரம் மாதிரி நிக்கிறீங்க? தூக்குங்கடா! ஒரு வண்டியைத் திருப்பி ஆஸ்பத்திரிக்கு எடுங்க!"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "முதல் வண்டி நிக்குதேக்கா..." என்று ஒருவன் இழுத்தான்.

கேட்ட எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அதைவிடக் கொடுமை, கீழே கிடந்த என் தம்பி வாயைத் திறந்தான். "எவனும் எடுக்கக் கூடாது. வரிசை கலைஞ்சா பஸ் போயிடும். அப்படியே நில்லுங்கடா." சொல்லும்போதே உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. அவர்களும் நின்றார்கள். தலைவர் சொல்லைத் தட்டாத தங்கக் கம்பிகள்!

சாகட்டும் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். இவன் இங்கேயே கிடந்து சாகட்டும், அந்தச் சிமென்ட் தரைக்கு இதுதான் பதில் என்று. பிறகு அவன் என்னைப் பார்த்து "அக்கா, குளிருது" என்றான்.

படகில் வந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு அவனைத் தூக்கிப் பஸ்ஸின் நடுத்தரையில் போட வைத்தேன். துப்பட்டாக் கட்டை விடாமல் அழுத்திக்கொள்ளச் சொன்னேன். என் கணவரை நகர்த்தி முன்சீட்டில் சாய்த்துவிட்டு ஸ்டீரிங்கில் உட்கார்ந்தேன். சீட்டெல்லாம் கண்ணாடிச் சில்லு.

"என்ன பண்ணப் போறே?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"தள்ளப் போறேன்."

திருப்பத்தைப் பார்த்து மிதித்தேன். பேட்டரி வண்டி உறுமாது, சத்தமில்லாமல் போய் மோதும். தம்பியின் வேன் கிரீச்சென்று பக்கவாட்டில் நகர்ந்தது. பின்னால் எடுத்து மறுபடி மோதினேன். பம்பர் பிய்ந்து விழுந்தது, முன்விளக்கு தெறித்தது. பஸ்ஸுக்குள் எல்லோரும் கூச்சலிட்டார்கள். அந்தக் கூச்சலுக்கு மேலே தரையிலிருந்து அவன் குரல் வந்தது. "என் வண்டிக்கா! வேணாங்க்கா! என் வண்டி!" குழந்தை செத்தபோது அழாதவன் அப்போது ஓவென்று அழுதான். மூன்றாவது மோதலில் வேன் விளிம்பில் ஒரு கணம் ஆடி, தலைகீழாய்க் கடலில் போய் விழுந்தது.

முதல் வண்டி போய்விட்டதல்லவா? மற்ற ஒன்பது வண்டிகளும் தானாகப் பின்வாங்கி வழி விட்டன.

வழியில் ஒரு நிறுத்தத்திலும் நிற்கவில்லை. திட்டம் போட்டவளே அட்டவணையை மீறினேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றி, கட்டுப்போட்டு, அக்கரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் உயிர் பிழைப்பான், கை எப்படியோ தெரியாது என்றார்கள். பிற்பகல் படகை நிறுத்திவைக்கச் சொல்லி நானே துறைக்குப் போன் செய்தேன். நின்றது. அனுப்பினோம்.

மன்றத் தலைவர் வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சற்றுத் தள்ளிப் போலீஸ்காரர், எழுதத் தயாராக. தலைவர் குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரும்மா. வேனும் பஸ்ஸும் மோதிக்கிச்சு, கண்ணாடி உடைஞ்சு ரெண்டு பேருக்கும் அடி. விபத்து. இப்படிச் சொல்லிட்டா யார் மேலயும் கேஸ் இல்ல. கூடப் பிறந்தவன் ஜெயிலுக்குப் போக மாட்டான், நீயும் தப்பிச்சே. பஸ்ஸைச் சத்தமில்லாம அனுப்பிடலாம்."

"நடந்ததைச் சொன்னா?"

மென்று விழுங்கினார். "அடிதடின்னு ஆனா பஸ் மேல தப்பு இல்லைன்னு ஆயிடும். வெள்ளோட்டத்தைத் திரும்ப நடத்தித்தான் ஆகணும். ஆனா உன் தம்பி உள்ளே போவான். வேனைத் தள்ளினதுக்கு உன் மேலயும் கேஸ் வரும்."

பெஞ்சில் தோள்கட்டோடு உட்கார்ந்திருந்த என் கணவரைப் பார்த்தேன். "என்னைக் கேக்காதே. தம்பி அடிச்சதுல தோள் போச்சு, அக்கா ஓட்டினதுல இடுப்பு போச்சு. உங்க குடும்பத்துக்குள்ள நான் வர மாட்டேன்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. தொட்டில் ஆட்டித் தூங்க வைத்த தம்பி. நான் ஊட்டினால்தான் சாப்பிடுவான். போலீஸ்காரரிடம் திரும்பி, "எழுதிக்குங்க சார். அடிச்சது என் தம்பி. வேனைத் தள்ளினது நான். ரெண்டையும் எழுதுங்க" என்றேன். கையெழுத்துப் போடும்போது கையில் அவன் ரத்தம் காய்ந்துபோய் இருந்தது.

அடுத்த வாரம் வெள்ளோட்டம் மறுபடி நடந்தது. உடைந்த ஜன்னலுக்குப் பலகை அடித்திருந்தோம். வேன்காரர்கள் தங்கள் சங்கத் தலைவர் திரும்பி வரும்வரை ஸ்டிரைக் என்று வண்டிகளை மூடிவிட்டார்கள். அக்கரையிலிருந்து வந்த டிரைவர் ஓட்டினார், டிக்கெட் நானே கொடுத்தேன். ஜனங்கள் ஏறினார்கள், ஆனால் ஒருவரும் என்னோடு பேசவில்லை.

மலைக்குடியிருப்பு நிறுத்தத்தில் தம்பி மனைவி நின்றிருந்தாள், ஒரு கையில் சாப்பாட்டுக் கேரியர், மறுகையில் துணிப்பை. அவன் அக்கரை ஆஸ்பத்திரியில் போலீஸ் காவலில் கிடந்தான். பஸ் நின்றது. அவள் கேரியரைப் படியில் வைத்தாள். ஏறி வந்து என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். காது அடைத்துப்போனது. மறு கன்னத்திலும் அறைந்தாள். டிரைவர் எழுந்தார், நான் உட்காரச் சொன்னேன்.

அவள் கேரியரை எடுத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. என்னைப் பார்க்காமல் கையை நீட்டினாள்.

"அக்கரைக்கு ஒண்ணு" என்றாள். பிறகு குரல் உடைந்துபோய், "படகு நிக்கும்ல, அண்ணி?"

"நிக்கும்மா" என்றேன். "நீ ஏறுற வரைக்கும் அவிழ்க்க மாட்டாங்க."