மெஷினைக் கீழே வைக்க விடுங்கள்

1

இந்தக் கதை ஒரு வசவிலிருந்து பிறந்தது. "விரல் போச்சு. அந்தச் சனியன் மெஷினைக் கீழே வைக்க விடுங்கடா" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு நேர் கீழே இன்னொருவர்: "கடைசிப் படியில் அழுதுவிட்டேன். உடனே அம்மாவுக்கு ஃபோன் செய்தேன்."

இருவரும் விளையாடியது ஒரே கணினி விளையாட்டை. அதைச் செய்தவள் ஜிஸ்மி. வடக்கன் பரவூரில் அவளுடைய வீட்டு மாடியில், அவள் வேலை செய்யும் அறைக்கு அடுத்த அறையில், நான் வாடகைக்கு இருக்கிறேன். விளையாட்டில் வரும் கொஞ்ச வரிகளைத் தமிழில் எழுதிக் கொடுத்ததும் நான்தான். ஆகவே என்னை நடுநிலையாளர் என்று நம்பிவிடாதீர்கள்.

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

மழை விடாமல் பெய்த ஒரு மாலையில், பெரியாற்றின் கரையில்

வேண்டாம். கேரளத்துக் கதை என்றால் மழை பெய்தே ஆக வேண்டுமா? சண்டை நடந்த அன்றைக்குக் கொளுத்தும் வெயில். கரண்ட் வேறு இல்லை, லேப்டாப் பேட்டரியில் ஓடியது.

2

விளையாட்டின் பெயர் 'கோணி'.*

வெள்ளம் ஏறும் வீட்டுக்குள் ஒரு பெண். தரைத்தளத்திலிருந்து மொட்டைமாடிக்குப் போக வேண்டும். தலையில் தையல் மெஷின். எந்தக் கதவைத் திறந்தால் தண்ணீர் எந்த அறைக்குப் போகும், எந்த அலமாரி மிதக்கும், எதன்மேல் ஏறித் தாவலாம் என்பதுதான் புதிர்; ஒவ்வொரு கட்டமும் ஒரு படி. சுவரில் படிந்த பாசிக் கறைவரை எல்லாம் ஜிஸ்மி நீர்வண்ணத்தில் கையால் வரைந்தவை. படங்களைக் குறை சொன்னவர் எவருமில்லை.

குறை சொன்னது தாவலை. பொத்தானை அழுத்தினால் அந்தப் பெண் முழங்காலை மடக்கி, ஒரு கணம் யோசித்து, பிறகுதான் எழும்புவாள். அதற்குள் அலமாரி நகர்ந்துவிடும். பாதிப் பேர் அங்கேதான் மூழ்கினார்கள்.

விற்கிற தளத்தில் விளையாட்டின் பெயருக்குக் கீழே மஞ்சள் எழுத்தில் நின்றது: கலவையான கருத்துகள். திட்டு வாங்கிய விளையாட்டையாவது ஆர்வத்தில் திறந்து பார்ப்பார்கள். மஞ்சளைப் பார்த்தால் நகர்ந்துவிடுவார்கள்.

(* மலையாளத்தில் கோணி என்றால் மாடிப்படி. பெயரை மாற்றாமல் விட்டது என் யோசனை. "முடிச்சுட்டேன், சாக்கு எங்கேயும் வரலியே?" என்று சேலத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்.)

3

இனி டிட்டோ. ஜிஸ்மியுடன் படித்தவன். படம் அவள், நிரல் அவன். இந்த விளையாட்டுக்காகவே வேலையை விட்டவன். இப்போது காக்கநாட்டில் ஒரு கம்பெனி அவனைக் கூப்பிட்டிருந்தது.

"எடி, ஒரே ஒரு எண்ணை மாத்தினா அவ லேசா எழும்புவா. அஞ்சு நிமிஷ வேலை."

"அவ தலையில இருக்கறது பஞ்சு மூட்டையா?"

"விளையாடறவன் விரலுக்கு மெஷினும் தெரியாது, பஞ்சும் தெரியாது. நான் அழுத்தினேன், அவ கேக்கலை. அவ்வளவுதான் தெரியும்."

"வெள்ளத்துல அம்மா அதைக் கீழ வைக்கலடா. கழுத்தளவு தண்ணியில தூக்கிட்டு ஏறினாங்க. லேசாக்கினா அது பொய்."

"அப்ப நீ உண்மையைக் கட்டிக்கிட்டு அழு. நான் திங்கட்கிழமை காக்கநாடு போறேன்."

டிட்டோவைக் காசுக்கு அலைபவனாகக் காட்டிவிடலாம் என்று ஒரு பத்தி எழுதினேன். கதைக்கு வசதியாக இருந்தது. அடித்துவிட்டேன். ஏனென்றால் அவன் அன்று ஒரு கருத்தை உரக்கப் படித்தான். விரல் மூட்டு வாதக்காரர் ஒருவர் எழுதியது: படங்கள் அழகு, மூன்றாம் படியைத் தாண்ட என் கையால் முடியவில்லை, மாடியில் என்ன இருக்கிறது என்று யாராவது சொல்வீர்களா?

"இவருக்கு நீயே பதில் எழுது" என்றான்.

ஜிஸ்மி எழுதவில்லை. தூரிகையை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

4

கீழ்வீட்டில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த ரோசிலி சேச்சிக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. ஜிஸ்மியின் அம்மா. ஒரு தட்டு பழம்பொரியோடு, அதாவது வாழைப்பழ பஜ்ஜியோடு, மேலே வந்தாள்.

"என்னை வெச்சா சண்டை போடறீங்க? நகருடா, நான் ஆடிப் பாக்கறேன்."

அதுவரை அவள் விளையாடியதே இல்லை. தன்னைப் பற்றியது என்று தெரிந்தும். அது ஏன் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

முதல் படியில் விழுந்தாள். மறுபடி விழுந்தாள்.

"இந்தப் பொண்ணுக்குக் கிறுக்கா? கீழ வெச்சிட்டு ஏறினா என்ன?"

"நீங்க வைக்கலையேம்மா."

"யார் சொன்னா?"

"நீங்கதான்!"

"பரவூர் முழுக்கத்தான் சொன்னேன்." சேச்சி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த இரும்பைத் தூக்கிக்கிட்டு எவளால ஏற முடியும்? கைப்பிடியைப் பிடிக்க ஒரு கை வேணுமே. பாதிப் படியில வெச்சேன். திரும்பிப் பாத்தா தண்ணி மூடியிருந்தது."

வெள்ளத்தின்போது ஜிஸ்மி திருச்சூரில் விடுதியில் இருந்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா சொன்னதுதான்.

"அப்ப கீழ இருக்கற மெஷின்?"

"முகாம் போட்ட பள்ளிக்கூட வராந்தாவுல கிடந்தது. யாரும் கேட்டு வரல. துருவைத் தேய்ச்சு எடுத்துட்டு வந்தேன்." சேச்சி மறுபடி பொத்தானை அழுத்தினாள். "அதோட சொந்தக்காரியும் பாவம், எங்கேயோ கீழ வெச்சிருக்கா."

"ஏம்மா சொல்லலை?"

"முகாம்ல எல்லாரும் எதையாவது காப்பாத்தினதா சொன்னாங்க. ஒருத்தி ஆடு, ஒருத்தி ஆல்பம். நான் மட்டும் வெறுங்கையை வீசிக்கிட்டு ஏறினேன்னு எப்படிடீ சொல்றது?"

5

இந்த இடத்தில் ஜிஸ்மி அம்மாவைக் கட்டிக்கொண்டு

இல்லை. அவள் கட்டிக்கொள்ளவில்லை. "இத்தனை வருஷம் ஒரு பொய்யை வரைஞ்சிருக்கேன்" என்று கத்திவிட்டு வெளியே போய்விட்டாள். சேச்சி பழம்பொரித் தட்டைத் துணியால் மூடினாள். டிட்டோ ஜெயித்துவிட்டான் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன்.

அவள் திரும்பி வந்ததும் சண்டை தலைகீழானது.

"மாத்தலாம். வைக்கறதுக்கு ஒரு பொத்தான் போடு" என்றாள் ஜிஸ்மி.

"வேண்டாம். இப்பதான் எனக்கு அந்தக் கனம் புரியுது" என்றான் டிட்டோ.

"புரிஞ்சது உனக்கு. மூணாம் படியில நிக்கறவருக்கு?"

அவன் உட்கார்ந்து நிரலைத் திறந்தான்.

நடந்தது இவ்வளவு: புதிய வடிவம் வெளியானது. மெஷின் தலையில் இருக்கும்வரை தாவல் பழைய கனம்தான். எந்தப் படியிலும் அதைக் கீழே வைக்கலாம், வைத்தால் தாவல் லேசாகிவிடும், வைத்ததை மறுபடி எடுக்க முடியாது. வாதக்காரர் மாடிக்குப் போய்விட்டார். "வானம் நன்றாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினார். "கனம் போனதும் உயிரே போச்சு" என்று ஒருவர். "வைக்கலாம் என்றார்கள், என்னால் வைக்க முடியவில்லை, எரிச்சலாக இருக்கிறது" என்று ஒரு பெண். எழுத்து இன்னும் மஞ்சள்தான். டிட்டோ திங்கட்கிழமை காக்கநாடு போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான்.

இங்கே முடித்திருக்கலாம். முடித்தும் பார்த்தேன். எழுந்து நடந்தேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன். சரிப்படவில்லை.

6

போன ஞாயிறு, சர்ச்சுக்கு உடுத்திப் போன சேலையோடு ரோசிலி சேச்சி மாடிக்கு வந்தாள். புதிய வடிவத்தைத் திறக்கச் சொன்னாள். இப்போது கை பழகியிருந்தது. தண்ணீர் பின்னால் ஏற ஏற, பாதிப் படிவரை வந்துவிட்டாள். அதே படி. அவளுடைய படி.

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் அவள் மெஷினை வைத்துவிட்டு வெறுங்கையோடு வானத்துக்குப் போகிறாள். இன்னொன்றில் அன்றைக்கு முடியாததை இன்றைக்கு முடித்து, தூக்கிக்கொண்டே மாடி ஏறுகிறாள். இரண்டும் நன்றாகவே வந்திருக்கின்றன. அதுதான் தொல்லை.

ஜிஸ்மி நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். சேச்சியின் விரல் பொத்தான்களுக்கு மேலே நின்றது. சேச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதையும் எழுதுவியா மோளே?"

"எழுதுவேன் சேச்சி."

"இதுவரைக்கும் எழுது. இனி நான் செய்யறது இந்தப் பொண்ணுக்கும் எனக்கும். ரெண்டு பேரும் வெளியில போங்க."

போனோம். கதவை உள்ளிருந்து சாத்தினாள். ஜிஸ்மி கதவில் காதை வைத்தாள். நானும் வைத்தேன். ஒரு சொடுக்கு கேட்டது.

தாவும் பொத்தானுக்கும் வைக்கும் பொத்தானுக்கும் சத்தம் ஒன்றுதான்.