கிரேன்காரரின் 739397

முப்பத்தொரு வருடம் சட்டைப் பையில் ஆடி ஆடி, தொழிற்சாலை தந்த அந்தப் பித்தளை எண் டோக்கன் கிரேன்காரரின் விலா எலும்பில் 739397 என்று அச்சே பதித்துவிட்டது. எக்ஸ்ரே எடுத்தால் தெரியுமாம், அவரே சொன்னது. ஓய்வு பெறும் அன்று அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். நாளை வேலையில் சேரும் எவனோ அதை மாட்டிக்கொண்டு திரிவான். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஸ்டோர் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தது அவர் மனைவியின் தம்பி.

"டோக்கனை வைங்க மாமா."

"இது டோக்கன் இல்ல மாப்ள, நம்பருக்கெல்லாம் ராஜா. பகா எண். ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர எதாலயும் மீதி இல்லாம வகுபடாது."

"அந்த மாதிரி நம்பர் எக்கச்சக்கமா இருக்கு."

"இருக்கட்டும். இடப்பக்கமா ஒவ்வொரு இலக்கமா வெட்டிக்கிட்டே வா. 39397, 9397, 397, 97, 7. எல்லாமே பகா எண். மறுபடி முழு நம்பர்லேர்ந்து வலப்பக்கமா வெட்டு. 73939, 7393, 739, 73, 7. அதுவும் அப்படியே. இப்படி ரெண்டு வழியிலயும் வெட்டுத் தாங்குறதுல இதைவிடப் பெரிசு கிடையாது. கணக்குப் படிச்சவங்க நிரூபிச்சே முடிச்சாச்சு."

மச்சினன் கால்குலேட்டரைத் தட்டினார். முகம் மலர்ந்தது.

"ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு வெட்டினேன். 3939. மூணால போகுது. ராஜா கவுந்துட்டாரு."

வரிசையில் நின்ற வெல்டர் சிரித்தார். கிரேன்காரரின் இதயம் கால் நொடி வேலைநிறுத்தம் செய்தது.

"ஒரே நேரத்துல தலையையும் காலையும் வெட்டினா யாருதான் பிழைப்பா? ஒரு தடவைக்கு ஒரு பக்கம்தான்."

"சரி. முழு நம்பரையே வகுத்துப் பாக்குறேன். எதாலயாவது வகுபட்டா டோக்கன் ஸ்டோருக்கு. இல்லேன்னா உங்களுக்கு."

"859 வரைக்கும் உள்ள பகா எண்கள் போதும். அதுக்கு மேல போனா அதோட வர்க்கமே இந்த நம்பரைத் தாண்டிடும். மொத்தம் நூத்தி நாப்பத்தொம்பது. கொக்கியில சரக்கு மாட்டுற இடைவெளியில கிரேன் மேல உக்காந்து நான் கையாலயே வகுத்திருக்கேன்." மடங்கி நைந்த பட்டியலை ஜன்னலில் விரித்தார்.

மச்சினன் வகுத்தார். வரிசை கேட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, அடுத்த ஊருக்கே போய்விட்டது. ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. வெல்டர் ஒவ்வொரு மீதியையும் பின்னாலிருப்பவர்களுக்கு அறிவித்தார். கடைசியில் 859.

"மீதி 657," என்றார் மச்சினன்.

கைதட்டலில் ஸ்டோர் தகரக் கூரை இரண்டங்குலம் எழும்பி உட்கார்ந்தது.

படிவத்தில் 'திருப்பித் தராததற்குக் காரணம்' என்ற கட்டத்தில் மச்சினன் நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'இதைவிடப் பெரியது இல்லை.' பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மாமா, சேர்ந்த அன்னிக்கு வரிசையில உங்களுக்கு அடுத்து நின்னேனே. என்னுது 739398."

"ஆறால வகுபடும் மாப்ள."

மச்சினன் முத்திரையைக் கொஞ்சம் ஓங்கியே குத்தினார். கிரேன்காரர் டோக்கனைப் பைக்குள் போடவில்லை. எல்லோர் கண்ணிலும் படும்படி சட்டைக்கு வெளியே மாட்டிக்கொண்டு, அந்த நீண்ட வரிசை முழுவதையும் மெதுவாக, மிக மெதுவாகக் கடந்து போனார்.