பீங்கான் கப்புகள் வாசித்த தவில்

திரௌபதி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, எதிரே இருந்த பீங்கான் கடையின் கப்புகள் எல்லாம் தவில் வாசித்தன. கடைக்காரர் தங்கராசு எலி என்று நினைத்து விளக்குமாற்றை எடுத்தார். தாளம் தப்பாததைக் கவனித்து, எலி இல்லை என்று முடிவு செய்தார்.

கார்த்திகை முகூர்த்தங்களில் ஓயாமல் வாசித்ததில் திரௌபதியின் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. அவர்கள் குடும்பத்தில் தவில்காரருக்குக் கை வலித்தால் சாதகம் போதவில்லை என்றுதான் பொருள். அவளும் விரல்களில் தவில் கூடுகளை இறுக்கி மாட்டிக்கொண்டு இரண்டு மடங்கு வாசித்தாள். பொங்கலன்று டீ டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. நாயனம் வாசிக்கும் அண்ணன் கொளஞ்சிநாதன், "மாசிமகத்துக்கு வேற ஆளு சொல்லிடறேன் தங்கச்சி, கோவிச்சுக்காத" என்றார். ஒரு வருஷம் விட்ட இடம் திரும்பக் கிடைக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

ஜங்ஷன் ரோட்டில் பிசியோதெரபி பார்க்கும் மெர்சி, மணிக்கட்டை அழுத்திப் பார்த்துத் திட்டினாள். "வலிக்கிற கையப் போட்டு இன்னும் அடிச்சிருக்கீங்களே அக்கா, அது கையா, பரோட்டா மாவா?"

"சாதகம் வுட்டா கை மறந்துடும்ங்க."

"கை மறக்கட்டும், நீங்க மறக்காதீங்க. கையத் தூக்காம மனசுக்குள்ளயே வாசிங்க."

அப்படி வாசித்ததுதான் கப்புகளில் கேட்டது. அடுத்து ஊறுகாய் ஜாடிகளில் கேட்டது. பிறகு பக்கத்துப் பட்டறையில் இன்னும் சூளைக்குப் போகாத பொம்மைகளிலும். தெரு பழகிக்கொண்டது. "மத்தியானம் கண்ணசர்ற நேரம் மட்டும் மனச நிறுத்தும்மா" என்று தங்கராசு கேட்டுக்கொண்டார். வீக்கம் வடிந்ததும் மெர்சி கொஞ்சம் கொஞ்சமாகக் கையை வாசிக்க விட்டாள், இடையிடையே ஓய்வு என்ற கண்டிப்போடு.

மாசிமகத்தன்று சுவாமி ஊர்வலத்தில் திரௌபதியே தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசித்தாள். அண்ணன் ஏற்பாடு செய்திருந்த மாற்று ஆளும் பக்கத்தில் தயாராக நின்றார். சுவாமி தெருவுக்குள் திரும்பியபோது, மெர்சி சொன்னபடி ஓய்வுக்காக அவள் கையைத் தொங்கவிட்டாள். மாற்று ஆள் கழியை ஓங்குவதற்குள் கடைகளின் கப்புகளும் ஜாடிகளும், கரண்ட் கம்பங்களின் பீங்கான்களும் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டன. மாற்று ஆள் கூடுகளைக் கழற்றிவிட்டுத் தாளம் போட்டார். "அடியேய், ஊரே உன் கட்சியாடி! நான் ஒருத்தன் எப்படித் தாக்குப்பிடிக்கறது?" என்று கத்திவிட்டுக் கொளஞ்சிநாதன் மூச்சை இழுத்து ஊதினார்.

வாசிப்பை முடித்துவைக்கும் கடைசித் தீர்மானத்துக்குப் பீங்கான்கள் எல்லாம் அடங்கி வழிவிட்டன. அதைத் திரௌபதி தன் கையாலேயே அடித்தாள். வலிக்கவில்லை.

அடுத்த மாசிமகத்துக்கும் அவளையே சொல்லியிருக்கிறார்கள். தங்கராசு கடையில் கப்பு வாங்க வருபவர்கள் இப்போது விரிசல் பார்ப்பதில்லை. காதில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் பேரம் பேசுகிறார்கள்.